மதுரைக்காரருக்கு மதுரை மட்டும்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலைல 9.15 இருக்கும். டீ கிளாஸை மேஜைல வெச்சேன், போன் அடிச்சுது.

மதுரை ஏரியா மேனேஜர். என்னை விட 15 வயசு மூத்தவர். நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். கோயம்புத்தூர்ல ஒரு டீலருக்கு 14 பர்சன்ட் டிஸ்கவுண்ட் போகுது. என் டீலர் 18 வருஷமா நம்ம கூட இருக்கார். அவருக்கு 9 தான் குடுக்குறோம். ஏன் தம்பி?"

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது.

"அண்ணே, அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ போட்டுக் குடுத்த ரிப்போர்ட்லதான்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே பேசல.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அவர் எதையும் திருடல, யார் பாஸ்வேர்டையும் எடுக்கல. நான் திறந்து வெச்ச கதவு வழியா உள்ள வந்தார். வந்தவர் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியாம, நேரா எனக்கே போன் போட்டார். அந்த நேர்மைக்கு நான் இன்னைக்கும் கடமைப்பட்டிருக்கேன்.

இந்தப் பதிவு அந்தக் கதவைப் பத்தி. அதை மூட நான் எடுத்த மூணு வாரத்தைப் பத்தி. ரிப்போர்ட் செய்ற எல்லாரும், ரிப்போர்ட் செய்யச் சொல்ற முதலாளிகளும் கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

சின்ன அறிமுகம். விவசாய மோட்டார் பம்ப்செட் விக்கிற கம்பெனி. (பேர் வேண்டாம்.) தமிழ்நாட்டுல 5 கிளை: கோயம்புத்தூர், சேலம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி. ஒவ்வொரு கிளைக்கும் கீழ டீலர்கள். விற்பனை, டார்கெட், டிஸ்கவுண்ட், பாக்கி எல்லாத்தையும் மைக்ரோசாஃப்ட்டோட பவர் பிஐ-ல ரிப்போர்ட்டா போட்டுக் குடுக்குறது என் வேலை.

தேவை ரொம்ப எளிது. மதுரைக்காரருக்கு மதுரை மட்டும் தெரியணும். சேலத்துக்காரருக்கு சேலம் மட்டும். தலைமை அலுவலகத்துக்கு எல்லாமே தெரியணும்.

ஒரே வரில சொல்லியாச்சு. செஞ்சு முடிக்கத்தான் மூணு வாரம் ஆச்சு.

திரையும் பூட்டும்

ஆரம்பத்துல நான் கிளைக்கு ஒண்ணுன்னு 5 ரிப்போர்ட் வெச்சிருந்தேன். அது பாதுகாப்பானதுதான். ஆனா ஒரு கணக்கை மாத்தணும்னா 5 இடத்துல மாத்தணும். ஒரு மாசம் திருச்சில மட்டும் மாத்த விட்டுப் போச்சு. கூட்டத்துல திருச்சி நம்பர் ஒண்ணு சொல்லுது, தலைமை அலுவலக நம்பர் வேற சொல்லுது. அன்னைக்கே முடிவு பண்ணேன், இனி ஒரே ரிப்போர்ட்தான்னு.

ஒரே ரிப்போர்ட். உள்ள கிளைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்துலயும் அந்தக் கிளைக்கான ஃபில்டர். அந்த ஃபில்டரை யாரும் தொட முடியாதபடி பூட்டி, கண்ணுக்கும் தெரியாம மறைச்சேன். அவங்கவங்க பக்கத்தோட லிங்கை அவங்கவங்களுக்கு அனுப்பினேன். பார்க்க அழகா இருந்துச்சு. எல்லாரும் பாராட்டினாங்க.

மதுரை அண்ணன் என்ன பண்ணார் தெரியுமா? அவருக்கு எக்செல்தான் கை பழகின இடம். ரிப்போர்ட்ல "எக்செல்ல அலசிப் பாரு"ன்னு ஒரு வசதி இருக்கு. அதை அமுக்கினார். பிவட் டேபிள் திறந்துச்சு. கிளைங்கிற தலைப்பை இழுத்துப் போட்டார்.

5 கிளையும் வந்து நின்னுச்சு.

ஏன்னா நான் மறைச்சது ரிப்போர்ட் பக்கத்துல. எக்செல் அந்தப் பக்கத்தைக் கேக்கவே இல்ல. நேரா அடில இருக்குற டேட்டா மாடலைக் கேட்டுச்சு. மாடல் கிட்ட யாரும் எதையும் மறைக்கச் சொல்லல. கேட்டதை எடுத்துக் குடுத்துடுச்சு. (மாடலை அப்படிக் கேக்கறதுக்கான அனுமதியையும் நானே எல்லாருக்கும் சேர்த்துக் குடுத்திருந்தேன். எக்செல் வேணும்னு கேட்டாங்க, குடுத்தேன்.)

வாசல்ல திரை தொங்கவிட்டுட்டு, வீட்டைப் பூட்டியாச்சுன்னு நினைச்சிருக்கேன். அவ்வளவுதான் நடந்தது.

இதை மட்டும் மனசுல எழுதிக்கோங்க. மறைச்ச பக்கம் பாதுகாப்பு இல்ல. மறைச்ச ஃபில்டர் பாதுகாப்பு இல்ல. "அந்த லிங்க் அவங்ககிட்ட இல்லையே"ங்கிறதும் பாதுகாப்பு இல்ல. இதெல்லாம் பார்க்கறவங்க வசதிக்காக இருக்குற விஷயங்கள்.

அந்த 14 பர்சன்ட் கதையையும் சொல்லிடுறேன். அந்த கோயம்புத்தூர் டீலர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிடுவார். சரக்கை எடுத்துட்டுப் போறதும் அவரோட சொந்த வண்டி. அதுக்குத்தான் அந்த 14. இந்த விவரம் எதுவும் ரிப்போர்ட்ல கிடையாது. நம்பர் மட்டும் இருக்கு. நம்பரை மட்டும் பார்த்த ஒரு மனுஷன், 18 வருஷம் கூட இருந்த தன் டீலருக்கு அநியாயம் நடக்குதுன்னு ராத்திரி தூங்காம இருந்திருக்கார்.

யாருக்காக எழுதலையோ அவங்க கைல ஒரு நம்பர் போய்ச் சேர்ந்தா, இப்படித்தான் ஆகும்.

பாஸ்புக் மாதிரி

இதுக்கான சரியான வழிக்குப் பேரு ரோ லெவல் செக்யூரிட்டி. சுருக்கமா ஆர்எல்எஸ். வரிவாரியாப் பாதுகாப்பு.

பேங்க் பாஸ்புக்கை நினைச்சுப் பாருங்க. பேங்க்ல கணக்கு ஒரே இடத்துலதான் இருக்கு. ஊர்ல எல்லாரோட வரவு செலவும் அதுலதான். ஆனா நீங்க பாஸ்புக்கை மெஷின்ல சொருகினா, உங்க வரி மட்டும் அச்சாகி வருது. பக்கத்து வீட்டுக்காரர் வரியை அச்சடிச்சு, மேல காகிதம் ஒட்டி மறைச்சுத் தர்றதில்ல. உங்களைப் பொறுத்தவரைக்கும் அந்த வரியே கிடையாது.

ஆர்எல்எஸ் அதேதான். யார் கேக்குறாங்கன்னு பார்த்து, மாடல் அவங்களுக்கான வரியை மட்டும் எடுத்துத் தரும். ரிப்போர்ட்ல கேட்டாலும் சரி, எக்செல்ல கேட்டாலும் சரி, பதில் ஒண்ணுதான்.

முதல் முயற்சி: கிளைக்கு ஒரு ரோல்

பவர் பிஐ டெஸ்க்டாப்ல மாடலிங் டேப். அதுல மேனேஜ் ரோல்ஸ். "மதுரை"ன்னு ஒரு ரோல் போட்டேன். கிளை டேபிள்ல, கிளைப் பேர் மதுரைக்குச் சமமா இருக்கணும்னு டாக்ஸ்ல ஒரு நிபந்தனை. (டாக்ஸ்னா வருமான வரி இல்ல, பவர் பிஐ-ல கணக்கு எழுதுற மொழி.) இதே மாதிரி 5 ரோல்.

நிபந்தனையை விற்பனை டேபிள்ல எழுதாம கிளை டேபிள்ல எழுதினதுக்குக் காரணம் இருக்கு. கிளை டேபிள்ல 5 வரி. விற்பனைல லட்சக்கணக்கான வரி. சின்ன டேபிள்ல வடிகட்டினா, ரெண்டுக்கும் நடுவுல இருக்குற உறவு வழியா அது பெரிய டேபிளுக்குத் தானா இறங்கும். ரிப்போர்ட்டும் வேகமா ஓடும்.

அப்புறம் பப்ளிஷ். ஆன்லைன்ல அந்த மாடலோட செக்யூரிட்டி பக்கத்துக்குப் போய், எந்த ரோல்ல யாருன்னு மெயில் ஐடி சேர்க்கணும். (மாடல்னு சொல்றதைத்தான் 2023 வரைக்கும் டேட்டாசெட்னு சொல்லிட்டிருந்தாங்க. பழைய வீடியோ பார்த்துக் கத்துக்கறவங்க குழம்ப வேண்டாம், ரெண்டும் ஒண்ணுதான்.)

டெஸ்க்டாப்ல சோதிச்சுப் பார்த்தா வேலை செஞ்சுது. ரெண்டு நாள் நிம்மதி.

மூணாவது நாள், ஓசூர்ல புதுக் கிளை வருதுன்னாங்க. புது ரோல், திரும்ப பப்ளிஷ். அடுத்த வாரம் சேலம் மேனேஜர் திருச்சியையும் சேர்த்துப் பார்த்துக்கணும்னாங்க. அவரை ரெண்டு ரோல்லயும் போட்டேன். ரெண்டு ரோல்ல இருக்குறவருக்கு ரெண்டும் கூடித்தான் தெரியும், ஒண்ணு இன்னொண்ணைக் குறைக்காது. அதனால சரியாவே வந்துச்சு.

ஆனா எனக்குப் புரிஞ்சு போச்சு. ஆள் மாறும்போதெல்லாம் நான் மாடலைத் தொட்டுக்கிட்டே இருக்கணும். ஆள் மாறுறது கம்பெனில தினப்படி நடக்குற விஷயம். அதை மாடலுக்குள்ள கட்டி வைக்கக் கூடாது.

ரெண்டாவது முயற்சி: ஒரே ரோல், ஒரு பட்டியல்

ஒரு சின்னப் பட்டியல் போட்டேன். ரெண்டே தலைப்பு. மெயில் ஐடி, கிளை கோட். சேலத்துக்காரருக்கு ரெண்டு வரி. மதுரை அண்ணனுக்கு ஒரு வரி. தலைமை அலுவலகத்துல இருக்குற ஒவ்வொருத்தருக்கும் எல்லாக் கிளைக்கும் வரி.

ரோல் ஒண்ணே ஒண்ணு. நிபந்தனை: பட்டியல்ல இருக்குற மெயில் ஐடி, இப்ப உள்ள வந்திருக்குறவரோட ஐடிக்குச் சமமா இருக்கணும். உள்ள வந்தவர் யாருன்னு சொல்றதுக்கு டாக்ஸ்ல யூசர் பிரின்சிபல் நேம்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. வெறும் யூசர் நேம்னும் ஒண்ணு இருக்கு. அதைத் தொடாதீங்க. டெஸ்க்டாப்ல அது டொமைன் பேரும் ஆள் பேருமா ஒரு வடிவத்துல வரும், ஆன்லைன் போனா மெயில் ஐடி வடிவத்துல வரும். முதல்ல சொன்னது ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி வரும்.

எழுதி முடிச்சேன். மதுரை அண்ணன் பேர்ல பார்த்தேன்.

எல்லாக் கிளையும் தெரியுது.

நிபந்தனை சரி. பட்டியலும் சரியா வடிகட்டுது, மதுரை வரி மட்டும்தான் நிக்குது. ஆனா விற்பனை அப்படியே முழுசா இருக்கு. ஒரு சாயங்காலம் பூரா அதையே முறைச்சுப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

தண்ணி பாயுற திசைதான் பிரச்சினை. வாய்க்கால்ல தண்ணி மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தான் போகும். மாடல்ல ஃபில்டர் "ஒண்ணு" இருக்குற பக்கத்துலேருந்து "பல" இருக்குற பக்கத்துக்குப் பாயும். கிளை டேபிள்ல ஒரு கிளை ஒரு தடவைதான் வரும். பட்டியல்ல அதே கிளை பல தடவை வரும். அப்ப கிளைலேருந்து பட்டியலுக்குத்தான் பாயும். பட்டியலை வடிகட்டினது கிளைக்கு ஏறாது. கிளைக்கு ஏறாததால விற்பனைக்கும் இறங்காது.

ரெண்டு வழி இருக்கு. உறவை ரெண்டு பக்கமும் பாயுற மாதிரி மாத்தி, பக்கத்துலயே இருக்குற "பாதுகாப்பு ஃபில்டரையும் ரெண்டு பக்கமும் செலுத்து"ங்கிற கட்டத்தையும் டிக் பண்ணணும். (முதல்ல சொன்னதை மட்டும் மாத்தினா போதாது. ஆர்எல்எஸ் அந்தத் தனி டிக் இல்லாம எதிர்த் திசைல போகாது.) இன்னொரு வழி, நிபந்தனையை நேரா கிளை டேபிள்லயே எழுதுறது: "இந்தக் கிளையோட கோட், உள்ள வந்தவருக்குப் பட்டியல்ல இருக்குற கோடுகள்ல ஒண்ணா?"

நான் ரெண்டாவதை எடுத்தேன். ஆறு மாசம் கழிச்சு வேற யாராவது திறந்து படிச்சாலும், என்ன நடக்குதுன்னு அந்த ஒரு நிபந்தனையைப் பார்த்தாலே புரியும். பட்டியல் டேபிளுக்கும் தனியா ஒரு நிபந்தனை போட்டேன், அவங்கவங்க வரி மட்டும் தெரியுற மாதிரி. யார் எந்தக் கிளையைப் பார்க்குறாங்கங்கிறதும் ஒரு தகவல்தானே.

அந்தப் பட்டியல் ஃபைலைப் பத்தி இன்னொண்ணு. நான் அதை எல்லாரும் எடிட் பண்ற ஒரு ஷேர் ஃபோல்டர்ல எக்செலா வெச்சிருந்தேன். எங்க ஐடி டீம்ல ஒரு பொண்ணு அதைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "சார், இதுல யார் வேணா ஒரு வரி சேர்த்தா, அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுடுமா?"

தெரிஞ்சுடும். அடுத்த ரெஃப்ரெஷ்ல.

பூட்டு போட்டுட்டு சாவிக்கொத்தைத் திண்ணைல வெச்சிருந்திருக்கேன். அன்னைக்கே அந்த ஃபைலை ரெண்டு பேர் மட்டும் தொடுற இடத்துக்கு மாத்தினோம்.

மூணாவது முட்டு: வேலை செஞ்சும் வேலை செய்யல

எல்லாம் சரி பண்ணி பப்ளிஷ் பண்ணியாச்சு. திருச்சி கிளைல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட, "திறந்து பாருங்க, திருச்சி மட்டும்தானே வருது?"ன்னு கேட்டேன்.

"எல்லாமே வருது சார்."

டெஸ்க்டாப்ல அவர் பேர்ல பார்த்தா திருச்சி மட்டும் வருது. அவர் ஊர்ல திறந்தா எல்லாம் வருது. திரும்ப பப்ளிஷ் பண்ணேன். அவரை லாக் அவுட் பண்ணி வரச் சொன்னேன். ஒண்ணும் மாறல. அடுத்த நாள் மதியம்தான், ஆன்லைன்ல ரிப்போர்ட் இருக்குற வொர்க்ஸ்பேஸோட அனுமதிப் பட்டியலைத் திறந்தேன்.

அந்தப் பட்டியல் இப்படி இருக்கும். இடது பக்கம் பேரு. வலது பக்கம் ஒரு சின்ன டிராப்டவுன். அதுல நாலே நாலு சொல்லு: அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர், வியூவர். திருச்சிக்காரர் பேருக்கு நேரா "கான்ட்ரிபியூட்டர்"னு இருந்துச்சு. அவருக்குக் கீழ வரிசையா எல்லாக் கிளைக்காரங்களும் அதேதான். ரெண்டு வருஷம் முன்னாடி, யாருக்கோ ரிப்போர்ட் திறக்கலன்னு சொன்னதுக்கு, அவசரத்துல எல்லாருக்கும் அப்படிப் போட்டது. அப்புறம் யாருமே திரும்பிப் பார்க்கல.

ஆர்எல்எஸ் வியூவருக்கு மட்டும்தான். அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் மூணு பேருக்கும் அது பொருந்தாது. அவங்க ரிப்போர்ட்டை மாத்தி எழுதுற உரிமை உள்ளவங்க, அதனால எல்லா வரியும் தெரியும். இது மைக்ரோசாஃப்ட் வெளிப்படையா எழுதி வெச்சிருக்குற விதி.

எல்லாரையும் வியூவரா மாத்தினேன். திருச்சிக்காரர் ரெஃப்ரெஷ் பண்ணார். "இப்ப திருச்சி மட்டும்தான் சார்."

அந்த ஒரு டிராப்டவுனுக்கு ஒன்றரை நாள். நீங்க அதை முதல் நாளே பாருங்க.

இதுல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. இதைச் செய்ற நான் யாரு? அட்மின். எனக்கு ஆர்எல்எஸ் பொருந்தாது. அப்ப நான் என் லாகின்ல ஆயிரம் தடவை திறந்து பார்த்தாலும், பூட்டு வேலை செய்யுதா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது.

இது பவர் பிஐ-ல மட்டும் இல்ல. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல 2016 ஜனவரில வந்த 9.5 வெர்ஷன்லேருந்து வரிவாரிப் பாதுகாப்பு இருக்கு. அங்கயும் டேபிளோட சொந்தக்காரருக்கு அது இயல்பாப் பொருந்தாது. பொருந்தணும்னா அதுக்குன்னு தனியா ஒரு கட்டளை குடுக்கணும். சூப்பர் யூசருக்கு அப்படிக் குடுத்தாலும் பொருந்தாது. அங்கயும் டேபிளைச் செஞ்சவர் தன் லாகின்ல பார்த்தா எல்லா வரியும் வந்து நிக்கும்.

பூட்டு செஞ்சவனுக்கு எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். அதனால அவன் சாட்சி செல்லாது.

சோதிக்கிற விதம்

டெஸ்க்டாப்ல "வியூ ஆஸ்"னு இருக்கு. அமுக்கினா ஒரு சின்னப் பெட்டி வரும். அதுல "வேற யூசர்"னு ஒரு கட்டம், கீழ நம்ம ரோல் பேருக்கு ஒரு கட்டம். ரெண்டையும் டிக் பண்ணணும். யூசரை மட்டும் டிக் பண்ணிட்டு ரோலை விட்டுட்டா, எந்த நிபந்தனையும் ஓடாது, எல்லாமே தெரியும். ரோலை மட்டும் டிக் பண்ணா, உங்க சொந்த ஐடிக்கு ஓடும். ரெண்டும் சேர்ந்து டிக் ஆனா, மேல மஞ்சப் பட்டைல யார் பேர்ல பார்க்குறீங்கன்னு வரும். அந்த மஞ்சப் பட்டையைப் படிச்சுட்டு அப்புறம் நம்பரைப் பாருங்க.

அடுத்தது திருநெல்வேலி. அங்க ஒரு அம்மா. ரிப்போர்ட் திறந்தா எல்லாக் கட்டமும் காலி. அவங்க பட்டியல்ல இருக்காங்க, ரோல்ல இருக்காங்க, வியூவர்தான். எல்லாம் சரி. ஒண்ணும் வரல.

நான் ஒரு காரியம் பண்ணேன். ரிப்போர்ட்ல ஒரு புதுப் பக்கம். அதுல ஒரே ஒரு கார்டு. அந்தக் கார்டுல யூசர் பிரின்சிபல் நேம் ஃபங்ஷன் என்ன சொல்லுதோ அதை மட்டும் காட்டச் சொன்னேன். "அக்கா, அந்தப் பக்கத்தைத் திறந்து என்ன எழுதியிருக்குன்னு படிங்க"ன்னேன்.

அவங்க ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாங்க. பாதிலயே நிறுத்தி, "தம்பி, இது என் பழைய ஐடி. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா பேரோட இருந்துச்சே, அது"ன்னாங்க.

மெயில் அட்ரஸை மாத்திக் குடுத்திருக்காங்க. ஆனா லாகின் பேர் பழசாவே இருந்திருக்கு. நான் பட்டியல்ல போட்டது புது மெயில். மாடல் பார்க்குறது லாகின் பேரை. மெயிலும் லாகின் பேரும் பெரும்பாலும் ஒண்ணா இருக்கும். எல்லாருக்கும் ஒண்ணா இருக்கும்னு நினைக்காதீங்க.

அந்த ஒரு கார்டை இப்ப நான் எல்லா ரிப்போர்ட்லயும் ஓரமா வைக்கிறேன். "உள்ள வந்திருப்பது: இன்னார்." யாராவது தெரியலன்னு போன் பண்ணா முதல் கேள்வி, "கார்டுல என்ன இருக்கு?"

அவங்களுக்குக் காலியா வந்ததுல எனக்கு ஒரு வகைல சந்தோஷம். தப்பு நடந்தாலும் மூடின பக்கமாவே நடந்துச்சு. காலியா இருந்தா போன் வரும், சரி பண்ணிடலாம். எல்லாம் தெரிஞ்சா போன் வராது. மதுரை அண்ணன் மாதிரி எல்லாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க.

மொத்தத்துல என் பங்கு எவ்வளவு?

பூட்டு சரியானதும் ஒரு புதுச் சிக்கல். ரிப்போர்ட்ல "கம்பெனி மொத்த விற்பனைல உங்க கிளையோட பங்கு"ன்னு ஒரு நம்பர் இருந்துச்சு. இப்ப எல்லாக் கிளைக்கும் 100 பர்சன்ட்.

நியாயம்தான். மதுரைக்காரருக்கு மதுரை மட்டும்தான் உலகம்னு சொல்லியாச்சு, அப்ப மொத்தமும் மதுரைதான். டாக்ஸ்ல ஃபில்டரை எடுத்துட்டு முழுசையும் கூட்டச் சொல்ற ஃபங்ஷன் இருக்கு. அது ரிப்போர்ட் ஃபில்டரைத்தான் எடுக்கும், ஆர்எல்எஸ்ஸை எடுக்காது. எடுக்கவும் கூடாது.

வழி இருக்கு. மாசவாரி கம்பெனி மொத்தத்தை மட்டும் தனியா ஒரு சின்ன டேபிளாக் கணக்குப் போட்டு வெச்சுடணும், கிளை டேபிளோட எந்த உறவும் இல்லாம. மாடல்ல கணக்கிட்டு வைக்கிற டேபிள் ரெஃப்ரெஷ் நேரத்துலயே கணக்காகிடும், அப்ப யார் பார்க்குறாங்கங்கிற கேள்வியே வராது. அதனால அதுல முழு மொத்தமும் இருக்கும்.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. மொத்தத்தைக் காட்டலாமாங்கிறது டெக்னிக்கல் கேள்வி இல்ல. ரெண்டே கிளை இருக்குற கம்பெனில மொத்தத்தைக் காட்டினா, கழிச்சுப் பார்த்தா அடுத்த கிளை நம்பர் வந்துடும். எங்களுக்குக் கிளைகள் அதிகமா இருக்குறதால காட்டலாம்னு முடிவு பண்ணோம். ஆனா நாங்களும் மாச மொத்தத்தை மட்டும்தான் வெச்சோம், பம்ப் மாடல்வாரியா வெக்கல. ஏன்னா சில பம்ப் மாடல் ரெண்டு கிளைல மட்டும்தான் ஓடும். அங்க கழித்தல் கணக்கு போதும். இதை உங்க முதலாளிகிட்டயும் சேல்ஸ் தலைவர்கிட்டயும் உக்காந்து பேசிட்டு முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, சுருக்கமா. ஆர்எல்எஸ் வரியைத்தான் மறைக்கும். அடக்க விலை, மார்ஜின் மாதிரி ஒரு முழுத் தலைப்பையே கிளைக்காரங்களுக்கு மறைக்கணும்னா, அதுக்கு ஆப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டின்னு வேற ஒண்ணு இருக்கு. ஆர்எல்எஸ் போட்டுட்டு மார்ஜினும் மறைஞ்சுடுச்சுன்னு நினைக்க வேண்டாம்.

கடைசிச் சோதனை

எல்லாம் முடிஞ்சதும் நான் மதுரைக்கே போனேன். போன்ல கேட்டா போதும்தான். ஆனா எனக்கு மனசு ஒப்பல.

அண்ணன் நாற்காலிய இழுத்துப் போட்டார். அவர் லேப்டாப், அவர் லாகின். நான் எதையும் தொடல.

"அண்ணே, போன தடவை எப்படிப் பார்த்தீங்களோ அதே மாதிரி பாருங்க. கோயம்புத்தூரை எப்படியாவது கண்டுபிடிங்க."

ரிப்போர்ட்டைத் திறந்தார். கிளைப் பட்டியல்ல மதுரை மட்டும். எக்செலைத் திறந்தார். பிவட் டேபிள்ல கிளையை இழுத்தார். மதுரை மட்டும். டீலர் பேரை இழுத்தார். அவரோட டீலர்கள் மட்டும். அந்த கோயம்புத்தூர் டீலர் பேரைத் தேடினார். இல்ல. ஒரு கால் மணி நேரம் விடாம என்னென்னவோ பண்ணிப் பார்த்தார்.

அப்புறம் லேப்டாப்பை மூடிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சரி தம்பி. அப்ப என் கணக்கும் அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

நான் இதை நினைக்கவே இல்ல. அவர் அடுத்தவர் கணக்கைப் பார்த்ததைத்தான் நான் பிரச்சினையாப் பார்த்துட்டிருந்தேன். அவருக்கு இத்தனை நாளா மனசை அரிச்சது வேற. என் டீலருக்கு நான் குடுத்த சலுகை, நான் டார்கெட் தொடாத ரெண்டு மாசம், வசூல் ஆகாம நிக்கிற பாக்கி, இதெல்லாம் 5 ஊர்ல யார் யார் பார்த்தாங்களோன்னு.

"தெரியாதுண்ணே. நாளைக்கே கோயம்புத்தூர்ல உக்காந்து தேடச் சொல்லி பார்த்துட்டு உங்களுக்குச் சொல்றேன்."

சொன்னபடியே தேடச் சொன்னேன். தெரியல. போன் போட்டுச் சொன்னேன்.

இதைப் படிக்கிற உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க ரிப்போர்ட் செய்றவரா இருந்தா, இந்த வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வொர்க்ஸ்பேஸ் அனுமதிப் பட்டியலைத் திறந்து, யார் யார் வியூவர் இல்லன்னு பாருங்க. யாருக்கு எந்தக் கிளைங்கிற பட்டியல் ஃபைலை யார் எடிட் பண்ண முடியும்னு பாருங்க. அப்புறம் உங்க லாகினை மூடிட்டு, ரிப்போர்ட்டைப் பயன்படுத்துற ஒருத்தர் பக்கத்துல போய் உக்காருங்க. அவர் பார்க்க வேண்டியது தெரியுதான்னு மட்டும் பார்க்காதீங்க. அவர் பார்க்கக் கூடாத ஒண்ணைச் சொல்லி, அதைத் தேடச் சொல்லுங்க. அவர் தேடி, கிடைக்கலன்னு சொன்ன பிறகுதான் அந்த வேலை முடிஞ்சுது.